எக்ஸ்ரேக்காரர் அட்டை போட்ட புத்தகங்கள்

ஊரில் பாதிப் பேருடைய விலா எலும்பைப் பார்த்தவர் எக்ஸ்ரேக்காரர். 'மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க' என்று சொல்லிச் சொல்லியே பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்காலம் முழுவதையும் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றார். யார் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று படம் பிடித்துக் காட்டிய மனிதருக்கு, தன் வீட்டு அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாமல் போனது. அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

கூடத்தின் நீளச் சுவர் முழுக்க மர அலமாரி. தரையிலிருந்து கூரை வரைக்கும் புத்தகம். முதல் சம்பளத்தில் ஆரம்பித்த பைத்தியம். ஆனால் உள்ளே நுழைகிறவர்களுக்கு அது புத்தக அலமாரி என்றே தோன்றாது. பத்திரப்பதிவு ஆபீசுக்குள் தெரியாமல் வந்துவிட்டோமோ என்று திகைப்பார்கள். ஏனென்றால் அத்தனை புத்தகத்துக்கும் ஒரே பழுப்புத் தாளில் அட்டை. எக்ஸ்ரே படம் போட்டுத் தருவார்களே, அந்தத் தடித்த உறை. வீணானதையெல்லாம் கட்டுக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்து, வெட்டி, மடித்துப் போட்டிருந்தார். முதுகில் பெயர் கிடையாது, எண் கிடையாது, ஒரு புள்ளிகூடக் கிடையாது.

இந்தப் புத்திக்குக் காரணம் மச்சினன். மனைவியின் தம்பி. ஒரு நாள் வந்தவன், அலமாரியில் ஒரு நாவலின் பெயரைப் பார்த்து, "மாமா, இதைப் படிச்சிட்டுத் தர்றேன்" என்று உருவிக்கொண்டு போனான். போனது போனதுதான். நாலு தடவை ஆள் அனுப்பிக் கேட்ட பிறகு திரும்பி வந்தது. முன்னட்டை இல்லை, கடைசிப் பக்கத்தில் அவன் பிள்ளை வரைந்த யானை இருந்தது. அன்றோடு மச்சினனுடன் பேச்சு நின்றது. அந்தப் பிள்ளை வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டபோதுகூட இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். "பேர் தெரிஞ்சாத்தானே கேட்பான்?" என்று ஒரு முடிவுக்கு வந்தார், எல்லாவற்றுக்கும் அட்டை போட்டார்.

"பேர் இல்லாம எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?" என்று யாராவது கேட்டால், "எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அது போதும்" என்பார். பொய் இல்லை. எந்தத் தட்டில் எத்தனையாவது என்ன புத்தகம், எந்த வருடப் பதிப்பு, எந்த மழையில் நனைந்துகொண்டு போய் வாங்கியது, எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். உள்ளே என்ன கதை என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "அதைச் சொன்னா சுவை போயிடும்" என்று ஒரு சிரிப்பு. ஆகா, எவ்வளவு ஆழமான மனுஷன் என்று கேட்டவன் போய்விடுவான்.

உண்மை என்ன தெரியுமா? வாங்குவார், மோந்து பார்ப்பார், நின்றவாக்கில் நாலு பக்கம் புரட்டுவார், அட்டை போட்டு உள்ளே தள்ளுவார். "ரிட்டயர் ஆனப்புறம் நிதானமா உட்கார்ந்து படிக்கணும்" என்பார். ரிட்டயரும் ஆனார். கண் மங்கலாக இருக்கிறது, ஆபரேஷன் ஆகட்டும் என்றார். ஆபரேஷன் ஆனது. விளக்கு சரியில்லை என்றார். விளக்கு வந்தது. நல்ல நாற்காலி வேண்டும் என்றார். நாற்காலியும் வந்தது. அதில் உட்கார்ந்ததும் தூக்கம் வந்தது. அதுவும் போக அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு: புத்தகத்தை விரித்துத் திறந்தால் முதுகு உடைந்துவிடும். "எத்தனை உடைஞ்ச முதுகைப் பார்த்திருக்கேன் நான், என்கிட்டயா சொல்றீங்க" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் துடைப்பு. ஒவ்வொன்றாக இறக்கி, நாலு பக்கமும் உலர்ந்த துணியால் துடைத்து, லேசாகத் தட்டி, அதே இடத்தில் வைப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. வைக்கோற்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். நாயையாவது ஒரு கல்லை எடுத்தால் விரட்டிவிடலாம்.

மனைவி தையல் வேலை செய்கிறவள். தெருவில் அவளுக்குப் பெயரே தையல்காரம்மாதான். பள்ளிச் சீருடையிலிருந்து ஜன்னல் திரை வரைக்கும் அவள் கையில்தான் வரும். நீளச் சுவரைப் புத்தகம் பிடித்துக்கொண்டதால் அவள் மிஷின் ஜன்னலோரம் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அளவு கொடுக்க வருகிற பெண்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தன் மேல் உள்ள மரியாதை என்று எக்ஸ்ரேக்காரர் நினைத்துக்கொள்வார். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்படியே போயிருக்கும். வீட்டுச் சொந்தக்காரர் வந்து, இடித்துக் கட்டப்போகிறேன், காலி செய்துகொடுங்கள் என்றார். வேறு ஊரில் இருக்கும் மகள் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு பார்த்தாள். போனில் சொன்னாள்: "அப்பா, அந்த வீட்டுக்குள்ள ஒண்ணு புத்தகம் போகும், இல்ல அம்மா போவாங்க. எது வேணும்னு யோசிச்சுச் சொல்லுங்க." அவர் யோசித்தார். யோசித்தாரே, அதுதான் மகளுக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் உள்ளூர்க் கல்லூரிக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் ஒரு சின்ன அறை ஒதுக்குவதாகவும், வாசலில் இவர் பெயரில் பலகை வைப்பதாகவும் சொன்னாள். பலகை என்ற சொல் காதில் விழுந்ததும் மனிதருக்குப் பிரிவுத் துயரம் பாதி குறைந்துவிட்டது. நிபந்தனை போட்டார்: கண்ணாடிக் கதவு வேண்டும், பூட்டு வேண்டும், அட்டையைப் பிரிக்கக் கூடாது, ஒருவருக்கும் இரவல் தரக் கூடாது. "நேர்ல வந்து பார்க்கிறேன் ஐயா" என்று அந்த அம்மாள் நயமாகச் சொல்லி அனுப்பினாள்.

அந்த வாரம் தெருவெல்லாம் பலகை பேச்சுதான். முடிதிருத்துகிற கடையில் சொன்னார். மருந்துக் கடையில் சொன்னார். எழுத்து எவ்வளவு உயரம் என்று விரலை விரித்துக் காட்டினார். மருந்துக் கடைக்காரருக்கு ஏனோ இருமல் வந்தது. எதிர் வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பொறாமை, வேறென்ன என்று எக்ஸ்ரேக்காரர் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

மனைவிக்குத்தான் அந்த வாரம் தையல் கோணலாக ஓடியது. "ஏங்க, காலேஜ் எதுக்கு? இங்கயே நாலு பேருக்குக் கொடுத்துட்டுப் போயிடலாமே."

"நாலு பேருக்கா? அந்த நாலு பேர் கையில கிடைச்சா என்ன கதி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் ஊரிலேயே கிடையாது.

"இல்லைங்க, அதுல ஒரு விஷயம் உங்ககிட்ட சொல்லணும்."

"விஷயம் கிடக்கட்டும், இதைப் பாரு." ஒரு புத்தகத்தை இறக்கி அட்டையின் மூலையைத் தடவிக் காட்டினார். "அந்தக் காலத்துல எவ்வளவு சுத்தமா மடிச்சிருக்கேன் பார்த்தியா? கத்தி மாதிரி நிக்குது. இப்ப எனக்கே வராது."

அவள் பார்த்தாள். "ஆமாங்க, நல்லாத்தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.

நூலக அம்மாள் ஒரு வண்டியோடும் இரண்டு ஆட்களோடும் வந்தாள். சாமான் கட்ட உதவிக்கு மகளும் வந்திருந்தாள். எக்ஸ்ரேக்காரர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சின்ன உரையும் தயார் செய்துவைத்திருந்தார். உரை பாதியில் இருக்கும்போதே அந்த அம்மாள், "ஐயா, ஒண்ணு ரெண்டைப் பிரிச்சுக் காட்டுங்க, உள்ள பூச்சி அரிச்சிருக்கான்னு பார்க்கணும்" என்றாள். மனிதருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் பலகைக்காகப் பொறுத்துக்கொண்டார். வண்டியை வாசலை ஒட்டி நிறுத்தச் சொல்ல அந்த அம்மாள் வெளியே போன நேரத்தில் நாலாவது தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். "இது முதல் பதிப்பு. இந்த ஊர்ல வேற யார்கிட்டயும் கிடையாது" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே மனைவியின் கத்தரிக்கோலால் அட்டையைப் பிரித்தார்.

டெலிபோன் டைரக்டரி.

ஏதோ தட்டு மாறிவிட்டது என்று பக்கத்தில் இருந்ததைப் பிரித்தார். தண்ணீர் மோட்டார் உதிரிப்பாக விலைப்பட்டியல். அடுத்தது, பழைய ரயில் கால அட்டவணை. அதற்கடுத்தது, இரண்டு மெலிந்த டைரக்டரிகளைச் சேர்த்துத் தைத்து ஒரு தடித்த நாவல் பருமனுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டே போனார். தரையெல்லாம் பழுப்புத் தாள். மேல் தட்டில் 'நல்லொழுக்கச் சொற்பொழிவுகள்' ஏழு தொகுதிகள் மட்டும் வாங்கின மேனி குலையாமல் இருந்தன. பெற்ற பிள்ளையைக் கண்ட மாதிரி அவற்றை அணைத்துக்கொண்டார். பாவம், ஊரில் ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொன்னது அது ஒன்றைத்தான் என்று அவருக்கு அப்போது தெரியாது.

"திருட்டு. யாரோ உள்ள புகுந்து எல்லாத்தையும் திருடிட்டாங்க."

மிஷின் நின்றது. "யாரும் திருடலைங்க. நான்தான் கொடுத்தேன்" என்றாள் மனைவி.

"கொடுத்தியா? யாருக்கு?"

"கேட்டவங்களுக்கு. அளவு கொடுக்க வந்தவங்க சும்மா உட்கார்ந்திருந்தாங்க. ஒருத்தி படிச்சா, அவ சொல்லி இன்னொருத்தி கேட்டா. அலமாரியில இடம் காலியா இருந்தா உங்க கண்ணுல பட்டுடும், பட்டா வீடு ரெண்டுபடும். அதான் பழைய பேப்பர் கடைக்கு இன்ச் டேப்பை எடுத்துட்டுப் போய், சரியான அளவுல பார்த்து எடுத்துட்டு வந்து வச்சேன். பதிலுக்கு அந்தக் கடைக்காரருக்குச் சட்டை தைச்சுக் கொடுத்தேன்."

"அட்டை?"

"கட்டிலுக்கு அடியில கட்டுக் கட்டா வச்சிருந்தீங்களே. வெட்டுறதும் மடிக்கிறதும் என் தொழில்தானே."

கத்தி மாதிரி நின்ற மூலைகள் எக்ஸ்ரேக்காரரின் நினைவுக்கு வந்தன. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் ஒரு தோட்டத்தையே மறைத்திருக்கிறாள், அதை அவர் வாராவாரம் துடைத்துவேறு வைத்திருக்கிறார். "எவ்வளவு நாளா நடக்குது இது?" என்று கேட்டார். "நான் பள்ளிக்கூடத்துல சேர்ந்ததுல இருந்துப்பா. நானும் அதைப் படிச்சுத்தானே வளர்ந்தேன்" என்றாள் மகள். சொந்தப் பிள்ளையும் எதிர்க்கட்சி.

"எல்லாம் திரும்பி வரணும்" என்றார்.

"ஒரு வார்த்தை சொன்னா வந்துடும்" என்றாள் மனைவி. அப்போதுதான் உள்ளே திரும்பிய நூலக அம்மாள் தரையில் கிடந்த டைரக்டரி ஒன்றை நின்றவாக்கில் புரட்டினாள். கொஞ்சம் புத்தகம் வெளியே போயிருக்கிறது என்று மகள் சொன்னதும், அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விட்டாள்.

வந்தன. பையில், கூடையில், சைக்கிள் கூடையில் வந்தன. மருந்துக் கடைக்காரர் கொண்டுவந்தார், பஸ் கண்டக்டர் கொண்டுவந்தார், எதிர் வீட்டுப் பெண் இரண்டு நடை நடந்தாள். எல்லாரையும்விடப் பெரிய மூட்டையோடு வந்தவன் மச்சினன். அக்கா தம்பிக்குத் தராமல் இருப்பாளா? "நல்லா இருக்கீங்களா மாமா" என்று மூட்டையை இறக்கிவிட்டு, அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். எக்ஸ்ரேக்காரருக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

புத்தகங்கள் வந்த கோலத்தைச் சொல்ல வேண்டுமா? உள்ளே ஹேர்பின், பஸ் டிக்கெட், மாத்திரை உறை. ஒரு பக்கம் முழுக்கத் தேநீர்க் கறை. ஓரத்தில் பென்சில் சண்டை வேறு. 'இவன் பொய் சொல்றான்' என்று ஒருத்தி எழுதியிருப்பாள். 'இல்லை, முன்னால போய் நல்லாப் படி' என்று கீழே இன்னொரு கையெழுத்து. 'ரெண்டு பேரும் சும்மா இருங்க' என்று மூன்றாவது.

அதைக்கூடத் தாங்கியிருப்பார். கொண்டுவந்தவர்கள் சும்மா போகவில்லையே. "சார், அந்தப் பெரியவர் கடைசியில வீட்டைத் தூக்கிச் சின்னவனுக்குக் கொடுத்தாரே, அது நியாயமா?" என்று கண்டக்டர் கேட்டார். "அந்தப் பொண்ணு திரும்பிப் போனது சரிதானே, நீங்களே சொல்லுங்க" என்றாள் எதிர் வீட்டுக்காரி. எந்தப் பெரியவர், எந்தப் பெண், ஒன்றும் தெரியாது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி விழித்துவிட்டு, "நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றார். வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள். மகா ஆழமான மனுஷன் என்ற பேர் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

நூலக அம்மாள் மறுபடி வந்தாள். குவியலைக் கிளறினாள். "கிழிஞ்சிருக்கு, எழுதியிருக்கு. இதெல்லாம் எங்ககிட்டயே ரெண்டு மூணு பிரதி இருக்குங்க ஐயா" என்றாள். பலகை கண்ணெதிரே கழன்று விழுகிற மாதிரி இருந்தது அவருக்கு. அந்த அம்மாள் ஓரத்தில் ஒதுக்கிக் கிடந்த டைரக்டரிப் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இதுதான் வேணும். டைரக்டரி, விலைப்பட்டியல், ரயில் அட்டவணை. அச்சடிச்சவங்ககிட்டயே இப்ப இது இருக்காது. எந்த வருஷம் எந்தத் தெருவுல யார் இருந்தா, என்ன கடை இருந்தது, எல்லாம் இதுல இருக்கு. எங்க வரலாற்றுப் பிள்ளைங்க உயிரை விடுவாங்க. வருஷம் தவறாம யாருங்க சேர்த்தது?"

மனைவி அப்போது ஒரு பாவாடையின் ஓரத்துக்குக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். வாய் நிறைய ஊசி. பேச முடியாது. எக்ஸ்ரேக்காரர் அவளைப் பார்த்தார். அப்புறம் வெறும் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு பலகை தெரிந்திருக்க வேண்டும்.

"நான்தான்" என்றார். "நாளைக்கு உதவும்னு வருஷக்கணக்கா சேர்த்தேன். அதனாலதான் அட்டை போட்டு வச்சிருந்தேன்."

மனைவி ஊசிகளை வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சு மெத்தையில் குத்தினாள். மகள் வாயைத் திறக்கப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

கல்லூரியில் அறை திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, பித்தளைப் பூட்டு, வாசலில் அவர் பெயர், விரலை விரித்துக் காட்டிய அதே உயரத்தில். ஒருவருக்கும் இரவல் கிடையாது. கல்லூரி முதல்வர் அவருடைய தொலைநோக்கைப் பற்றி வெகுநேரம் பேசினார். கேட்டது அத்தனையும் கிடைத்த மனிதர் முதல் வரிசையில் உட்கார்ந்து கழுத்துப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் மனைவி மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள். அந்தக் கைதட்டலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, வாழ்க்கையில் முதல் தடவையாக.

நாவல்களை அவள் வீடு மாறுவதற்கு முன்பே அவரவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் தடுக்கவில்லை. தான் காலமெல்லாம் டைரக்டரி சேர்த்தவன் என்று ஊரறியச் சொன்னபிறகு, எந்த வாயால் தடுப்பது?

புது வீட்டில் அலமாரி கிடையாது. நல்ல வெளிச்சமான இடத்தில் மிஷின் போட்டாயிற்று. ஒரு நாள் பிற்பகலில் அவள் தைத்துக்கொண்டிருந்தாள், அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் வரவில்லை.

"ஏம்மா," என்றார். "முதல்முதல்ல எந்தப் புத்தகத்தை எடுத்த?"

அவள் தலை நிமிரவில்லை. "கல்யாணமான புதுசுல ஒரு கதை வாசிச்சுக் காட்டினீங்களே. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து உட்கார்ந்து வாசிப்பீங்க, நான் சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுத்துக்கிட்டே கேட்பேன். பாதி ஆனதும் நிறுத்திட்டீங்க. மீதி என்ன ஆச்சுன்னு கேட்டேன், அப்புறம்னு சொன்னீங்க. எத்தனை தடவை கேட்டேன். ஒரு நாள் அதுக்கும் அட்டை போட்டு உள்ள வச்சிட்டீங்க. எதுன்னு தெரியாம ஒண்ணொண்ணா இறக்கிப் பார்த்து, தேடி எடுத்தேன். அதுதான் முதல்ல."

அவருக்கு ஞாபகம் வந்தது. அவள் கேட்டதும், தான் சிரித்துக்கொண்டே தள்ளிப்போட்டதும், அவள் கெஞ்சுவது தனக்குப் பிடித்திருந்ததும் எல்லாம் வந்தது.

"மீதியை நானும் படிக்கலை" என்றார்.

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

"உனக்கு அன்னன்னிக்கு வாசிச்சதுதான் நான் படிச்சது. அதுக்கு மேல ஒரு வரி தெரியாது. எல்லாம் படிச்சவன்னு நீ நினைச்சுக்கிட்டு என்னைப் பார்ப்பே. அது எனக்கு வேண்டியிருந்தது." நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, "கடைசியில என்னதான் ஆச்சு அதுல?" என்று கேட்டார்.

அவள் தையலை மடியில் போட்டுவிட்டு அவரையே பார்த்தாள்.

"முடிவு உங்களுக்குத் தெரியும், எனக்குச் சொல்ல மனசில்லைன்னுதான் இத்தனை வருஷமும் நினைச்சேன். அந்தக் கோபத்துலதான் ஒண்ணு விடாம எடுத்து வெளியில கொடுத்தேன்" என்றாள். "தெரியாதுன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா உட்கார்ந்து படிச்சிருப்போமேங்க."